ஸம்ஹாவுக்குத் தலையணை எப்போது, ராத்தா?

ஆலங்குடா,
ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பின்.

அன்பும் கண்ணியமும் நிறைந்த என் ராத்தா சித்தி மரியம் அவர்களுக்கு, தம்பி ஹுனைஸ் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் அக்கீலாவும் பிள்ளை ஸம்ஹாவும் மாமியும் நல்ல சுகம், என் இடது கையைத் தவிர. அங்கே மன்னாரில் நீங்களும் மச்சானும் பிள்ளைகளும் அவ்வாறே சுகமாக இருக்க, இரண்டு கைகளும் உட்பட, துஆ செய்கிறேன்.

போனில் கதைக்காமல் இந்தக் காலத்தில் ஒருவன் கடிதம் எழுதுகிறானே, யாருக்கு என்ன ஆனதோ என்று உறையைக் கிழிக்கும்போதே உங்களுக்கு நெஞ்சு பதறியிருக்கும். ஒன்றும் ஆகவில்லை. நான் வொய்ஸ் அனுப்பினால் நீங்கள் போனை அரிசி டின்னின் மேல் வைத்து, சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டி, தேங்காய் துருவிக்கொண்டே முழு வீட்டுக்கும் கேட்க வைப்பீர்கள். போன நோன்பில் மச்சானைப் பற்றி உங்களிடம் மட்டும் சொன்ன விஷயத்தை மச்சானே எனக்குத் திருப்பிச் சொன்னார். இது அப்படித் தேங்காய்ப்பூவோடு கலக்கிற விஷயம் இல்லை. முப்பத்தொன்பது வயதுக்காரன், சொந்த த்ரீவீல் ஓட்டுகிறவன், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருமுறை பெயர் அடிபட்டவன், ஒரு பிள்ளைக்கு எந்த வயதில் தலையணை வைப்பது என்று தெரியாமல் மூன்று மாதமாக விழிக்கிறான் என்றால் ஊர் சிரிக்காதா?

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளை என்பது உங்களுக்குத் தெரியும். அவள் படுப்பது என் இடது கையில். பாயும் இருக்கிறது, மெத்தையும் இருக்கிறது, உடம்பெல்லாம் மெத்தையில்தான் கிடக்கும், தலை மட்டும் என் கையில். இரவில் இஷாத் தொழுகை முடிந்து வந்து நான் கையை நீட்டியதும் தன் இடத்தை ஒருமுறை தட்டிப் பார்ப்பாள், பிறகு தலையை வைப்பாள், வைத்து நான் மூன்று ஸலவாத்துச் சொல்வதற்குள் நித்திரை. என்னால் அதை இன்றுவரை நம்ப முடியவில்லை, ராத்தா. ஒரு மனிதப் பிள்ளை, இந்த உலகத்தில் எங்கேயும் போய்ப் படுக்கலாம், என் கையைத் தேடி வந்து, இது போதும் என்று கண்ணை மூடுகிறது. தலை முதலில் ஒரு பாரமும் இல்லை. அரை மணித்தியாலத்தில் இரண்டு கிலோ சீனி. ஒரு மணித்தியாலத்தில் உப்பு மூட்டை. அப்புறம் பாரமும் தெரியாது, கையும் தெரியாது. காலையில் பார்த்தால் அவளுடைய காது என் கையில் அப்படியே பதிந்திருக்கும், மடல், சுழி, ஓரத்து மடிப்பு எல்லாம். சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யும்போது அந்தக் காது அழிந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவேன். இதற்கு என்ன சட்டம் என்று பள்ளி ஹஸ்ரத்திடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். த்ரீவீலுக்குக் கிளச் இடது கையில், ராத்தா. போன மாதம் ஒரு வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு போனேன், இங்கே களப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடுவார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர், என் வாகனத்தைவிட நீளமான பையோடு. ஸியாத் நானாவின் வீட்டடியில் மாடு ஒன்று குறுக்கே நின்றது. நிறுத்திவிட்டுக் கிளச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்திருப்பதாகத்தான் நினைத்தேன். கை அதுபாட்டில் விட்டிருக்கிறது, எனக்குச் செய்தி வரவில்லை. வாகனம் ஒரு பாய்ச்சல் பாய்ந்து, மாடு தப்பிக்கொள்ள, ஸியாத் நானா காயப்போட்டிருந்த நெத்தலிப் பாய் மூன்றையும் ஏறி மிதித்து வேலியில் போய் நின்றது. வெள்ளைக்காரர் இதுவும் ஹயர் காசோடு சேர்த்தி என்று நினைத்துவிட்டார். கைதட்டினார். இன்னொரு முறை போவோமா என்று விரலைச் சுழற்றிக் காட்டினார். ஸியாத் நானா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, நெத்தலிக்கு ஏற்கெனவே உசிர் போயிட்டு, அத ஏன் மறுபடியும் கொல்றீங்க?" என்றார். டிஸ்பென்சரி டொக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ராவு முழுக்க என்னத்த இதுக்கு மேல வைக்கிறீங்க? நரம்ப அமத்துது. இப்படியே வச்சா ஹேண்டில் புடிக்க ஏலாமப் போகும்" என்று சொல்லிவிட்டார்.

அப்போது தலையணை வைத்தால் முடிந்ததே என்பீர்கள். அதற்குத்தான் மிட்வைப் மிஸ் இருக்கிறாரே. நிஷாந்தினி என்று பெயர், தலவில பக்கத்துப் பிள்ளை, பிள்ளையின் நிறுவைக்குக் கிளினிக் போகும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு வயசு முடியிற வரைக்கும் தலகாணி வேணாம் நானா. தட்டையாப் படுக்க வையுங்க." மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் ஏன் என்று கேட்டேன். அவர் ஸம்ஹாவை நிற்க வைத்து, தன் இரண்டு கைகளாலும் அவள் தலையையும் தோளையும் அளந்து காட்டினார். "பாருங்க, சின்னப் புள்ளைக்குத் தலை பெருசு, தோள் சின்னன். சும்மா படுத்தாலே கழுத்து நேராத்தான் இரிக்கும். உசத்தினா மூச்சுக்குக் கஷ்டம். தோள் அகலமானாப் பிறகுதான் தலகாணி தேவ." இத்தனை வருடம் உலகத்தில் இருந்திருக்கிறேன், தலையணை என்பது தோளுக்கும் தலைக்கும் இடையில் உள்ள கடனைத் தீர்க்கிற சாமான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கையை வைக்கலாமா என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

வீட்டுக்கு வந்து அக்கீலாவின் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் போகமுன் ஸம்ஹாவின் தோளை அளந்து, கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வருகிறேன். தோள் வளர்கிறது, ராத்தா! மூன்று மாதத்தில் ஒரு விரல் அகலம். நான் ஹயர் ஓடும்போது, கடையில் பாண் வாங்கி நிற்கும்போது, ஒருவரும் பாராமல் அது தன்பாட்டில் அகன்றுகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் சுப்ஹானல்லாஹ் என்று மயிர் சிலிர்க்கும், மறுபக்கம் இன்னும் எத்தனை விரல்தான் மிச்சம் என்று நாடாவை மறுபடியும் வைத்துப் பார்ப்பேன்.

மாமிக்கு இந்த அளவு வேலையெல்லாம் பிடிக்காது. பிள்ளை பிறந்த நாற்பதாம் நாளே அவர் ஒரு தலையணை செய்து அலுமாரியில் வைத்துவிட்டார். வளவில் நிற்கிற மரத்து இலவம்பஞ்சு, ஒரு கொட்டை இல்லாமல் கையால் பிரித்தது, வெள்ளை உறையில் பச்சை நூலால் ஸம்ஹா என்று தைத்தது. மிஸ் இரண்டு வயது என்று சொன்னதால் பொறுத்துக்கொண்டிருந்தார். போன மாதம் ஒருநாள் காலையில் திடீரென்று அலுமாரியைத் திறந்து தலையணையை வெயிலில் போட்டார். "மாமி, இன்னும் இருபத்தஞ்சு நாள் இரிக்கே" என்றேன். "எந்தக் கணக்குல மகன்? பிறைக் கணக்குல இந்தக் கிழமையோட புள்ளைக்கு ரெண்டு வயசு முடியுது" என்றார். நான் விரல் விட்டு எண்ணினேன், போனில் பார்த்தேன், அவர் சொன்னது சரி. பிறை வருடம் சின்னது, இரண்டு வருடத்தில் இருபத்திரண்டு நாள் முந்திவிடுகிறது. என் பிள்ளை ஒரே பாயில் கிடந்துகொண்டே பிறைக்கு இரண்டு வயதாகவும் கிளினிக்குக்குக் குறைவாகவும் இருக்கிறாள்.

சரி, எந்த நாள் என்று பார்த்தால் வியாழன் என்றார் மாமி. அந்த நேரம் பார்த்து நெத்தலிக் கதை கதைக்க வந்த ஸியாத் நானா, "வியாழன் இல்ல, புதன்" என்றார். அவர் உலகப் பிறைக்காரர், எந்த நாட்டில் பிறை கண்டாலும் கணக்கில் எடுக்கிறவர். பெருநாளை எங்களுக்கு முதல் நாளே கொண்டாடிவிட்டு, அடுத்த நாள் எங்கள் வீட்டுப் புரியாணியையும் வந்து சாப்பிடுகிறவர். இரண்டு பேரும் வாசலில் நின்று தர்க்கம். அக்கீலா உள்ளே இருந்துகொண்டு, "புள்ள பொறந்தது ஏழு மணிக்கு. பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு பிறைக் கணக்குல நாள் மாறிடுமே உம்மா?" என்று ஒரு வார்த்தை போட்டாள். அவ்வளவுதான், மாமியின் வியாழன் வெள்ளியானது, ஸியாத் நானாவின் புதன் வியாழனானது, இரண்டு பேரும் தங்கள் பழைய நாளை விட்டு ஒரு நாள் நகர்ந்து நின்று மறுபடியும் தர்க்கம். ஒரு சின்னப் பிள்ளையின் தலைக்கு வானத்தில் பிறையும் கடலில் சூரியனும் சாட்சிக்கு வரவேண்டியிருக்கிறதே என்று நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று மாமியே தீர்ப்புச் சொல்ல, ஸியாத் நானா வட்டிலப்பம் உண்டா என்று கேட்டுச் சமாதானமானார்.

அந்த வெள்ளி ஜும்ஆ முடிந்து வீட்டில் பன்னிரண்டு பேர். மாமி யாஸீன் ஓதி ஊதினார். புதுப்பாயில் தலையணை, தலையணைக்குப் பக்கத்தில் ஸம்ஹா. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, படு மகளே படு என்று கெஞ்சுகிறார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எழும்பினாள். தலையணையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்து, பன்னிரண்டு பேரையும் தாண்டி வாசலுக்குப் போய், த்ரீவீலின் முன்சீட்டில் எட்டி வைத்தாள், நான் உட்கார்கிற இடத்தில். பிறகு நேரே என்னிடம் வந்து என் கையை இழுத்துப் பாயில் நீட்டி, தட்டிப் பார்த்து, தலையை வைத்துவிட்டாள். வீடு முழுக்கச் சிரிப்பு. ஸியாத் நானா வட்டிலப்பத்தை மென்றுகொண்டே, "நான் சொன்னேனே, நாள் பிழை" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் ராத்தா, உள்ளுக்குள் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் அடிப்பீர்கள். கை போனால் போகட்டும் என்று இருந்தது.

கை போனால் சோறும் போகும் என்று அக்கீலா நினைவூட்டினாள். அவளே ஒரு உபாயமும் செய்தாள். என் பழைய கைநீளச் சேட்டின் இடது கையை வெட்டி, பஞ்சை அடைத்து, இரண்டு முனையையும் தைத்து, நான் பூசுகிற அத்தரில் இரண்டு சொட்டும் விட்டு, பாயில் என் கை கிடக்கிற இடத்தில் போட்டாள். போன திங்கள் இஷாவுக்குப் பிறகு இது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால். ஸம்ஹா வந்தாள், தட்டிப் பார்த்தாள், தலையை வைத்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொல்ல வாய் திறக்கவில்லை, அவள் எழும்பி உட்கார்ந்து அந்தக் கையைத் தடவிக்கொண்டே போய் நுனியைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "வாப்பாட விரல் எங்க?" என்றாள். பிள்ளை எழும்பி, பாய்க்கு அடியில், கதிரைக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால் என்று என் ஐந்து விரல்களையும் தேடத் தொடங்கிவிட்டாள். அழவில்லை. தொலைத்தவர் யாராக இருந்தாலும் கண்டுபிடித்துக் கொடுப்பது தன் பொறுப்பு என்பது போலத் தேடினாள். எனக்குப் பொறுக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வந்து விரல்களைக் காட்டினேன். ஒன்று, ரெண்டு, மூணு என்று தொட்டு எண்ணி, மூன்றுக்கு மேல் தெரியாததால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கி, திருப்தியாகி, படுத்துவிட்டாள்.

இனி உண்மையைச் சொல்கிறேன். வருகிற வெள்ளி கிளினிக் கணக்கிலும் இரண்டு வயது முடிகிறது. மிஸ் சம்மதம், மாமி சம்மதம், டொக்டர் சம்மதம், ஸியாத் நானாவுக்கு ஒரு நாள் முன்னாலேயே சம்மதம். கையை எடுக்க வேண்டியது நான் மட்டும்தான். எடுத்தால் அவள் என்ன நினைப்பாள் என்பதுதான் எனக்குப் பயம். வாப்பா ஒருநாள் கையை எடுத்துவிட்டார் என்று அந்தச் சின்ன மனதில் ஒரு தழும்பு விழுந்து, பெரியவளாகியும் அது போகாமல் இருந்தால்?

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களையெல்லாம் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது எனக்கு நாலு வயது, உங்களுக்குப் பதின்மூன்று. உம்மா தூக்கிக்கொண்டு வந்த ஒற்றை உரப்பையில் உடுப்பும் குர்ஆனும் இருந்தன, தலையணையை யார் நினைப்பார்? வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கி, பாடசாலை மண்டபத்தில் கொஞ்ச நாள், பிறகு இதே ஆலங்குடாவில் கிடுகுக் கொட்டிலில் எத்தனையோ வருடம். எனக்குத் தலைக்கு இருந்தது உங்கள் கைதான். காலையில் தண்ணீர் பவுசர் வரும்போது நீங்கள் வரிசையில் நின்று கையை உதறிக்கொண்டே இருப்பீர்கள். வலது கையால் வாளியைப் பிடித்திருப்பீர்கள், இடது கையை உதறுவீர்கள். நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்து உங்கள் பக்கத்தில் நின்று என் கையையும் உதறுவேன். நீங்கள் சிரிப்பீர்கள். போன மாதம் நெத்தலிப் பாயின் மேல் வாகனத்தில் உட்கார்ந்து கையை உதறும்போதுதான், ராத்தா, முப்பத்தைந்து வருடம் கழித்து, அது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அந்த வெள்ளைக்காரர் கைதட்ட, நான் ஹேண்டிலில் தலையை வைத்து அழுதேன். எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களை நினைக்க நினைக்க ஆச்சரியமாகவும் இருந்தது. இந்தத் தடித்த கைக்கே இவ்வளவு என்றால், அந்தக் குச்சிக் கை எப்படித் தாங்கியது?

ஆனபடியால் கேட்கிறேன். நான் எத்தனை வயதில் உங்கள் கையிலிருந்து இறங்கினேன்? நீங்கள் கையை எடுத்தீர்களா, நான் தலையை எடுத்தேனா? கொட்டில் ஞாபகம் இருக்கிறது, பவுசர் ஞாபகம் இருக்கிறது, அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு ஞாபகமே இல்லை. எனக்கு ஞாபகம் இல்லாதபடி அதை எப்படிச் செய்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள், நானும் அப்படியே செய்துகொள்கிறேன். வெள்ளிக்கு முன் கிடைக்கும்படி பதில் போடுங்கள்.

மச்சானுக்கு ஸலாம், இந்தக் கடிதத்தில் அவரைப் பற்றி ஒன்றும் இல்லை என்றும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் முத்தம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும், அந்த இடது கைக்கு விசேஷமான நற்கூலியையும் தருவானாக. ஆமீன்.

உங்கள் தம்பி,
ஹுனைஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டமுன் அக்கீலாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் சிரித்தாள், கடைசிப் பக்கத்தில் கண்ணைத் துடைத்தாள், பிறகு ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்டு சொல்லல்ல. யாஸீன் ஓதின வெள்ளிக்கு அடுத்த நாளே புள்ள வண்டியிலிருந்து அந்தத் தலகாணியத் தூக்கிட்டு வந்து தானாப் படுத்தா. ரெண்டு கிழமையா பகல் நித்திரை அதுலதான்" என்றாள். நான் ஹயருக்குப் போன பிறகு ஒவ்வொரு நாளும். நான் இருக்கும்போது மட்டும்தான் கையாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க கவலப்படுவீங்க" என்றாள். அப்படியென்றால் இருட்டினதும் என் கையில் ஏன் வந்து படுக்கிறாள் என்று கேட்டேன். அதை அக்கீலாவும் பிள்ளையிடம் கேட்டிருக்கிறாள். தலையணை இருக்கும்போது எதற்கு மகளே வாப்பாவின் கை என்று. ஸம்ஹா சொன்னாளாம், "வாப்பா பாவம்."

ஆகவே ராத்தா, மேலே கேட்டதை வெட்டிவிடுங்கள். பிள்ளைக்கு எப்போது என்பது தெரிந்துவிட்டது. வாப்பாவுக்கு எப்போது என்று மட்டும் எழுதுங்கள். வெள்ளிக்கு முன் என்றெல்லாம் இல்லை, ஆறுதலாக எழுதினால் போதும்.